ஆள் வந்தால் கத்தி கீழே

கொலை நடந்தது காலை ஒன்பது இருபதுக்கு. நல்ல வெளிச்சம். கூரை முழுக்க டியூப் லைட், சுவர் முழுக்க வெள்ளை ஓடு, தரையில் சோப்புத் தண்ணீர். ஒளிந்திருந்து குத்தினான், இருட்டில் குத்தினான் என்று யாராவது கதை விட்டால் நம்பாதீர்கள். நாற்பது பேர் வேலை செய்கிற கூடத்தில், நாற்பது பேருக்கும் நடுவில்தான் நடந்தது. ஆனால் ஒருத்தரும் முழுசாகப் பார்க்கவில்லை. எப்படிப் பார்ப்பார்கள்? தலைக்கு மேலே ஓடுகிற தண்டவாளத்தில் கொக்கிக்கு ஒன்றாக அரை மாடுகள் தொங்கிக்கொண்டே வரும். இந்த மேசைக்காரனுக்கு அந்த மேசைக்காரனின் பூட்ஸ் மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும்.

ஒன்பதாம் மேசையில் நின்றவன் எலும்பன். ஆள் ஒல்லி இல்லை, மலை மாதிரி இருப்பான். தொங்குகிற இறைச்சியிலிருந்து எலும்பைத் தனியாகப் பிரித்தெடுக்கிற வேலை அவனுக்கு, அதனால் எலும்பன். பத்தொன்பது வருஷமாக அதே மேசை, அதே கத்தி. அவன் தங்கச்சியின் புருஷன் அதே கூடத்தில் ரம்பம் பிடிக்கிறவன். அன்றைக்கு மாப்பிள்ளை தன் ரம்பத்தை அணைத்துவிட்டு, தொங்குகிற மாடுகளை இரண்டு கையாலும் விலக்கிக்கொண்டு ஒன்பதாம் மேசைக்கு வந்தான். எலும்பனின் காதோரம் குனிந்து ஏதோ சொன்னான். சொல்லிவிட்டுச் சிரித்தான். ஏழெட்டு நொடி இருக்கும்.

கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறதே, அங்கே நாலு விரல் ஆழம் கத்தி இறங்கியது. ரத்தம் கூரை வரைக்கும் பீய்ச்சியடிக்கவில்லை, அதெல்லாம் சினிமா. ஏப்ரனுக்குள்ளேயே இறங்கி, பூட்ஸுக்குள் நிறைந்து, பூட்ஸ் வாய் வழியாக வழிந்தது. விழாமல் இருக்க மாப்பிள்ளை எதிரே வந்த அரை மாட்டைக் கட்டிப் பிடித்தான். தண்டவாளம் நிற்குமா? அது பாட்டுக்கு அவனையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனது. பத்தாம் மேசை, பதினோராம் மேசை. பன்னிரண்டாம் மேசையில்தான் பிடி விட்டுப்போய் முகம் குப்புற விழுந்தான். சைரன் அடித்து லைனை நிறுத்தியபோது ஆள் முடிந்திருந்தான்.

எலும்பன் கத்தியை மேசைமேல் வைத்தான். இடது கையில் போட்டிருந்த சங்கிலிக் கையுறையைக் கழற்றி அதன் பக்கத்தில் வைத்தான். சூப்பர்வைசர் ஓடி வந்து, "டேய் பாவி, என்னடா பண்ணித் தொலைச்சே?" என்று சட்டையைப் பிடித்து உலுக்கினார். எலும்பன் வாயைத் திறக்கவில்லை. போலீஸ் வந்து நாலு அறை விட்டபோதும் திறக்கவில்லை.

இங்கே அந்தக் கூடத்து வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் இந்தக் கதை தலையும் புரியாது காலும் புரியாது. முன்னொரு காலத்தில் ஒருத்தன் கத்தியோடு சட்டென்று திரும்பி, பின்னால் வந்த கூட்டாளியின் கண்ணில் செருகிவிட்டான். கம்பெனி என்ன செய்தது? சுவரில் ஒரு போஸ்டர் ஒட்டியது. அதோடு சரி. ஆட்கள்தான் தங்களுக்குள் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டார்கள். கை எட்டுகிற தூரத்துக்குள் யார் வந்தாலும் வருகிறவன் "ஆள்!" என்று ஒரு குரல் கொடுக்க வேண்டும். குரல் கேட்டதும் கத்தி கீழே. முனை தரையைப் பார்க்க, பட்டை தொடையோடு ஒட்ட. புதிதாகச் சேருகிறவனுக்கு ஒரு மாசம் இதே பாடம். தவறினால் பின்மண்டையில் ஓங்கி ஒன்று விழும், மேசைக்காரர்களே போடுவார்கள். எலும்பனும் வாங்கியிருக்கிறான், பிற்பாடு நூறு பேருக்குப் போட்டும் இருக்கிறான்.

இரண்டு வருஷத்தில் குரலே வேண்டியதில்லை என்று ஆகிவிடும். நிழல் விழுந்தாலே கை இறங்கும். வேலைக்கு வெளியிலும் அது விடாது. தங்கச்சி வீட்டுக்குப் போய் வெங்காயம் நறுக்க உட்கார்ந்தால் பாதியில் பாதியில் நின்றுபோவான். ஏழு வயசு மருமகள் ஓடி வருவாள், கத்தி தொடைக்குப் போகும். அவள் போவாள், கத்தி ஏறும். அந்தக் குட்டி வாலு இதைக் கண்டுபிடித்துவிட்டது. வேண்டுமென்றே பத்துத் தரம் வந்து வந்து போகும்.

"அண்ணா, உன்னை நம்பி அடுப்பைப் பத்த வெச்சா நாளைக்குத்தான் சாப்பாடு," என்று தங்கச்சி சிரிப்பாள். "பஸ்ஸுல பக்கத்துல யாராவது உட்கார்ந்தா குடையைக் கூட இப்படித்தான் இறக்குற. மானம் போகுது."

தங்கச்சி சிரித்ததெல்லாம் எப்போதாவதுதான். மாப்பிள்ளை கை நீட்டுகிற ஆள். குடித்தால் அடிப்பான் என்று சொல்லி மனசைத் தேற்றிக்கொள்ளவும் வழியில்லை, அவன் குடிக்கவே மாட்டான். தெளிவாக, நிதானமாக, கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு அடிப்பான். ஒரு தரம் இடது கை மணிக்கட்டு. ஒரு தரம் விலா எலும்பு இரண்டு. எலும்பன் இரண்டு தடவை அவனைத் தெருவில் போட்டு மிதித்திருக்கிறான். மிதித்த இரண்டு தடவையும் தங்கச்சிக்குத்தான் வட்டியும் முதலுமாகத் திரும்பி வந்தது. அதனால் அவள் அண்ணனிடம் சொல்வதையே நிறுத்திக்கொண்டாள். தானே யோசித்தாள், தானே வழி தேடினாள். வேறு ஊரில் ஒரு துணிக் கடையில் வேலை, கடைக்கு மேலேயே ஒரு அறை, பெண்ணுக்கு ஒரு பள்ளிக்கூடம். மூன்று மாசம் மூச்சு விடாமல் ஏற்பாடு செய்தாள்.

கொலைக்கு முதல் நாள் சாயங்காலம் அண்ணனிடம் வந்தாள். "நாளைக்குக் கிளம்புறேன். பையைக் கட்டிட்டேன். நீ ஒண்ணும் பண்ணக் கூடாது. அந்தாளைத் தொடக் கூடாது. நானே என் காலால நடந்து போகணும், அதுதான் எனக்கு வேணும். கையில அடிச்சு சத்தியம் பண்ணு."

எலும்பன் வலது கையை அவள் உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் செய்தான்.

மறுநாள் காலையில் மாப்பிள்ளை அவன் காதில் சொன்னது இதுதான்: "உன் தங்கச்சி கட்டி வெச்ச பையைப் பார்த்தேன். முன்பல்லு ரெண்டையும் பிடுங்கி அந்தப் பையிலேயே போட்டுட்டு வந்திருக்கேன். போகட்டும், எங்க போறாளோ போகட்டும்."

சரி, ஜெயிலுக்கு வருவோம்.

எலும்பனுக்காக வாதாட வந்த வக்கீலம்மா கெட்டிக்காரி. முதல் நாளே எலும்பனைப் பார்த்து, "இதோ பாருங்க, நீங்க குத்தலன்னு சொல்ல முடியாது. ஏன் குத்தினீங்கன்னு சொன்னா ஆயுசுக்கும் உள்ளதான். வாயை மூடிக்கிட்டு இருந்தீங்களே, அதுவே நீங்க பண்ண ஒரே நல்ல காரியம்," என்றாள். அடுத்த வாரம், உடம்பும் மனசும் எப்படி வேலை செய்கிறது என்று ஆராய்ச்சி செய்கிற ஒரு புரொபசரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். புரொபசர் நல்ல மனுஷன், அதைச் சொல்லிவிட வேண்டும். உள்ளே வந்ததும் கைதி என்று பார்க்காமல் கை கொடுத்தார். கொடுத்த கையை விடாமல் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தழும்புகள், காய்த்துப்போன கட்டைவிரல், சற்றே வளைந்த மணிக்கட்டு. நகைக்கடையில் நிற்கிறவர் மாதிரி அவர் கண் பளபளத்தது.

"புத்தி தலைக்குள்ள மட்டும் இருக்குதுன்னு ரொம்ப நாளா நினைச்சுக்கிட்டு இருந்தோம்," என்றார். "தலை உத்தரவு போடும், கை கேக்கும், அப்படின்னு. அது தப்பு. உடம்பேதான் மனசு. சைக்கிள் ஓட்டுறவன் யோசிச்சா ஓட்டுறான்? கால் யோசிக்குது. ஒரு நாளைக்கு ரெண்டாயிரம் வெட்டு, பத்தொன்பது வருஷம். உங்களை விட உங்க கைக்கு அதிகம் தெரியும். உங்க நினைப்பு பாதிக்கு மேல அந்தக் கையிலதான் இருக்கு."

எலும்பனுக்கு அது பிடித்திருந்தது. யாருக்குத்தான் பிடிக்காது? பத்தொன்பது வருஷமாக அவன் வேலையை ஒருத்தரும் ஏறெடுத்துப் பார்த்ததில்லை. இவர் அதற்கே ஒரு சிம்மாசனம் போடுகிறார்.

ஜெயிலிலேயே ஒரு காலி அறையை ஒதுக்கிக் கொடுத்தார்கள். பிளாஸ்டிக்கில் செய்த மாட்டுத் தோள் ஒன்று கொக்கியில் தொங்கியது. முனை மழுங்கின கத்தி. மணிக்கட்டிலும் தோளிலும் நெற்றியிலும் ஒயர் ஒட்டினார்கள். வார்டர்கள் பயந்து கதவுக்கு வெளியே நின்றுகொண்டார்கள், புரொபசர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம். தனியாக நின்று அவன் வெட்டினான். பாட்டுப் பாடச் சொன்னார்கள், பாடிக்கொண்டே வெட்டினான். கண்ணைக் கட்டினார்கள், அப்போதும் ஒரு மயிரிழை பிசகவில்லை. பதினோரு நாள் இப்படி. கடைசியில் புரொபசர் அறுபது பக்கத்துக்கு எழுதிவிட்டார். அதன் சாரம் இதுதான்: மாப்பிள்ளை வந்து நின்ற இடம் அடுத்த மாட்டின் தோள் வரவேண்டிய இடம். உயரமும் அதே உயரம். வெட்டும் அதே முதல் வெட்டு, அதே நாலு விரல். கை தன் வேலையைச் செய்தது. கொலை செய்யும் எண்ணம் என்று ஒன்று எங்கேயும் இருக்கவில்லை, இருக்க நேரமும் இல்லை.

வக்கீலம்மா அந்த அறுபது பக்கத்தையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனாள்.

அந்த வாரம்தான் தங்கச்சி முதல் தடவையாகப் பார்க்க வந்தாள். கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தாள். பல் கட்டியிருந்தாள், பேசும்போது கொஞ்சம் சீட்டியடித்தது. புருஷன் வீட்டார் இவள்தான் அண்ணனை ஏவிவிட்டாள் என்று தெருவில் வைத்து முடியைப் பிடித்து இழுத்திருந்தார்கள். காதுக்கு மேலே ஒரு ரூபாய் அகலத்துக்கு முடி இல்லை.

"வக்கீலம்மா எல்லாம் சொன்னாங்க," என்றாள். "நான் ஒண்ணே ஒண்ணுதான் கேக்குறேன். உன் மருமக என்கிட்ட கேக்குறா, அவளுக்குச் சொல்லணும். அப்பாவை மாமா ஏம்மா கொன்னாருன்னு கேக்குறா. நீ தெரிஞ்சு செஞ்சியா, இல்ல கை செஞ்சுதா?"

எலும்பன் தன் கையைப் பார்த்தான்.

"கைதான்," என்றான்.

தங்கச்சி அழுதாள். ஐயோ, எப்படி அழுதாள்! புருஷன் செத்தபோது வராத அழுகையெல்லாம் அப்போது வந்தது. அழுதுவிட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரிக்கவும் செய்தாள். "அப்படித்தான்ணா நானும் அவகிட்டச் சொன்னேன். அந்த வாயாடி என்ன சொல்லுது தெரியுமா? கைதான் தப்புப் பண்ணுச்சுன்னா, கையை மட்டும் உள்ள வெச்சுட்டு மாமாவை அனுப்ப வேண்டியதுதானேங்குது."

அதற்குப் பிறகு வாராவாரம் வந்தாள். மருமகள் கோணல்மாணலாக எழுதின கடிதங்களைக் கொண்டுவந்தாள். விடுதலையானதும் எங்களோடேயே வந்து இரு என்றாள். எலும்பன் பிறந்ததிலிருந்து அவ்வளவு பாசத்தை அனுபவித்ததில்லை. புரொபசர் சொன்னதை அவனே பாதி நம்ப ஆரம்பித்துவிட்டான். மீதிப் பாதியை நம்புவதற்குள் அந்தச் சண்டை வந்தது.

மாப்பிள்ளையின் சித்தப்பா மகன் ஒருத்தன் வேறு ஏதோ வழக்கில் அதே ஜெயிலுக்கு வந்து சேர்ந்தான். மத்தியானச் சாப்பாட்டு வரிசையில், நூறு பேர் தட்டோடு நிற்கும்போது, பின்னாலிருந்து எலும்பனின் விலாவில் குத்தினான். கரண்டிக் காம்பைச் சிமென்டில் தேய்த்துத் தேய்த்து ஊசியாக்கி வைத்திருந்தான் படுபாவி. எலும்பன் திரும்பினான். இரண்டாவது குத்து தோளில் இறங்கியது. மூன்றாவது இறங்குவதற்குள் அந்த மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினான். காய்ந்த குச்சி ஒடிகிற சத்தம் வந்தது. கரண்டியைப் பிடுங்கிக்கொண்டு, ஆளைத் தரையில் தள்ளி நெஞ்சின்மேல் முழங்காலை வைத்தான். முகத்தில் இடது கையால் குத்தினான். மூன்று குத்தில் கன்னத்து எலும்பு உள்ளே போனது. சுற்றி நின்றவர்கள் தட்டைத் தட்டி, "போடு! போடு!" என்று கத்தினார்கள்.

கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் அதே பள்ளம். ஒரு சாண் தூரம். கையில் ஊசி மாதிரி கரண்டி. யோசிக்க நேரமே இல்லை, அவனும் யோசிக்கவில்லை. ரத்தமெல்லாம் கொதித்துக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் வலது கை தானாக இறங்கியது. முனை தரையைப் பார்க்க, காம்பு தொடையோடு ஒட்ட.

எலும்பன் தன் கையை வெறித்துப் பார்த்தான். பார்த்த நேரத்தில் கீழே கிடந்தவன் எகிறி அவன் மூக்கை மண்டையால் உடைத்தான், காதைக் கடித்து ஒரு துண்டைத் துப்பினான். அப்புறம் வார்டர்கள் வந்து இருவரையும் சமமாக அடித்தார்கள்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூக்கில் பஞ்சோடு படுத்துக்கொண்டு எலும்பன் மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தான். இனி ஒளித்து என்ன ஆகப்போகிறது, அவனுக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும். அன்றைக்கு ஒன்பதாம் மேசையில் மாப்பிள்ளை மாடுகளை விலக்கிக்கொண்டு வந்த உடனேயே கை இறங்கிவிட்டது. முதல் நொடியிலேயே. மாப்பிள்ளை குனிந்து சொன்னபோது, சிரித்தபோது, கத்தி தொடையோடுதான் இருந்தது. பத்தொன்பது வருஷத்துப் பழக்கம் தன் வேலையை ஒழுங்காகச் செய்துவிட்டது. அதற்குப் பிறகு நடந்ததற்கும் பழக்கத்துக்கும் சம்பந்தமில்லை. கண்மூடித்தனமான ஆத்திரம் என்றால் இன்றைக்கும்தான் வந்தது, இன்றைக்கும் கை இறங்கத்தான் செய்தது. அன்றைக்கு அதை மறுபடி மேலே தூக்கின ஒன்று உண்டு. அது ஒயர் ஒட்டின இடத்தில் எங்கேயும் இல்லை.

சொல்லிவிடலாமா? சொன்னால் ஆயுசுக்கும் ஜெயில். அதுகூடப் பரவாயில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். தங்கச்சி போய்விடுவாள். மருமகளின் கடிதம் நின்றுபோகும். எலும்பன் பல்லைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருந்தான். கோழைத்தனம்தான், வேறென்ன.

வழக்கு வந்தது. புரொபசர் நீதிமன்றத்திலேயே செய்து காட்ட அனுமதி வாங்கியிருந்தார். பிளாஸ்டிக் தோளையும் மழுங்கின கத்தியையும் கொண்டுவந்தார்கள், தோளை ஸ்டாண்டில் மாட்டி ஒயர்களை இணைத்தார்கள். ஜட்ஜ் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முன்னால் சாய்ந்தார். முதல் பெஞ்சில் தங்கச்சி, அவளுக்கு இரண்டு வரிசை தள்ளி மாப்பிள்ளை வீட்டார். கம்பெனி சார்பில் சூப்பர்வைசர் வந்து சாட்சி சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஆட்களின் பழக்கத்தைப் பற்றி அவர் மூச்சு விடவில்லை. கேட்டால்தானே சொல்வதற்கு.

"நூறிலிருந்து ஏழு ஏழா குறைச்சுக்கிட்டே வாங்க," என்றார் புரொபசர். "வாய் விட்டு எண்ணுங்க. கை வெட்டட்டும். மனசு கணக்குல இருக்கும்போது கை என்ன செய்யுதுன்னு ஐயா பார்க்கட்டும்."

எலும்பன் ஆரம்பித்தான். "தொண்ணூத்தி மூணு. எண்பத்தாறு." கத்தி பள்ளத்தில் இறங்கி இழுத்து வெளியே வந்தது. நீதிமன்றமே வாயைப் பிளந்தது. அழகாகத்தான் இருந்தது, அதில் சந்தேகமே இல்லை. "எழுபத்தொன்பது." அப்போது ஸ்டாண்டிலிருந்து ஒயர் ஒன்று கழன்று தரையில் விழுந்தது. நீதிமன்றக் குமாஸ்தா, பாவம், அதை எடுத்து மாட்டலாம் என்று குனிந்துகொண்டே கிட்டே வந்தார்.

கத்தி கீழே போனது. முனை தரையைப் பார்க்க, பட்டை தொடையோடு ஒட்ட.

"எழுபத்திரெண்டு," என்றான் எலும்பன். "அறுபத்தஞ்சு. அம்பத்தெட்டு."

எண்ணிக்கை ஒரு இடத்திலும் தடுக்கவில்லை. குமாஸ்தா ஒயரை மாட்டிவிட்டு விலகினார். கத்தி ஏறியது. புரொபசர் குழந்தை மாதிரி குதித்தார். "பார்த்தீங்களாய்யா! இதைக்கூட அவர் யோசிக்கல! ஆளையும் இறைச்சியையும் கையே பிரிச்சுப் பார்க்குது! எனக்கே இது புதுசு!"

வக்கீலம்மாவின் முகம் சுண்ணாம்பு அடித்தது போல் ஆனது. "போதும், போதும். இதோடு முடிச்சுக்கலாங்கய்யா," என்று அவசர அவசரமாக எழுந்தாள். எதிர்த்தரப்பு வக்கீல் அந்த நேரம் பார்த்து யாரோ கொடுத்த காகிதத்தைப் படித்துக்கொண்டிருந்தார். ஜட்ஜ் ஏதோ குறித்துக்கொண்டார், ஆனால் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. மற்ற யாருக்கும் உறைக்கவில்லை. தப்பித்தாயிற்று.

தங்கச்சிக்கு உறைத்தது.

வெங்காயம் நறுக்கும்போது ஆயிரம் தடவை பார்த்த கை அது. அவள் மெதுவாக எழுந்து நின்றாள். அண்ணன் கையைப் பார்த்தாள், அப்புறம் அண்ணன் முகத்தைப் பார்த்தாள். கேட்கவே வேண்டியிருக்கவில்லை. அவன் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான். அவள் புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு, பெஞ்சுக்காரர்களின் காலை மிதித்துக்கொண்டு வெளியே போனாள்.

எலும்பன் கத்தியை மேசைமேல் வைத்தான்.

"ஐயா, ஒரு வார்த்தை சொல்லணுங்க."

"அவர் களைச்சுப் போயிருக்காரு," என்றாள் வக்கீலம்மா.

"களைப்பெல்லாம் இல்லம்மா. ஐயா, அன்னைக்கும் கை இறங்கிடுச்சுங்க. இப்ப ஒயரை எடுக்க இந்த அண்ணன் கிட்ட வந்தப்போ இறங்கினாப்புல. மாப்பிள்ளை வந்து நின்னதுமே இறங்கிடுச்சு. அவரு பேசி முடிக்கிற வரைக்கும் கீழதான் இருந்துச்சு. கையை அது பாட்டுக்கு விட்டிருந்தா அந்த வெட்டு விழுந்திருக்கவே விழுந்திருக்காது."

ஜட்ஜ் பேனாவைக் கீழே வைத்தார். "அப்புறம்?"

"அப்புறம் நான் நினைச்சேங்க. தங்கச்சி எப்படியும் போயிடுவா, பல்லு போனாலும் போயிடுவா, அவளை எனக்குத் தெரியும்னு நினைச்சேன். அவகிட்ட சத்தியம் பண்ணினதை நினைச்சேன். பொண்ணுக்கு அப்பன் இவன்தான்னு நினைச்சேன். எல்லாத்தையும் நினைச்சுப் பார்த்துட்டுத்தான் தூக்கினேன். கை வரமாட்டேன்னு கனத்துச்சு. இந்த முழங்கை வரைக்கும் கனத்துச்சு. நான்தான் இழுத்துத் தூக்கினேன். அவளைக் காப்பாத்த இல்லங்க. அந்தச் சிரிப்பை நிறுத்தணும், அதுக்குத்தான்."

மாப்பிள்ளை வீட்டார் பெஞ்சைத் தள்ளிக்கொண்டு பாய்ந்தார்கள். யாரோ வீசின செருப்பு எலும்பனின் உடைந்த மூக்கிலேயே பட்டு ரத்தம் கொட்டியது. இரண்டு போலீஸ்காரர்கள் லத்தியைச் சுழற்ற வேண்டியதாயிற்று. அந்தக் களேபரத்திலும் புரொபசர் விடவில்லை. அவன் தோளைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார். "அப்படி இல்லைங்க. மனுஷன் செஞ்சு முடிச்ச பிறகுதான் காரணம் கட்டுவான். நினைச்சுட்டுச் செஞ்சதா உங்களுக்குத் தோணுது, அவ்வளவுதான். என்கிட்ட அளவு எல்லாம் இருக்கு!"

"சார், நீங்க கையைத்தான் பதினோரு நாளாக் கேட்டீங்க," என்றான் எலும்பன். "அது பொய் சொல்லல. நான்தான் சொன்னேன்."

விலங்கு மாட்டி வெளியே கூட்டிக்கொண்டு வந்தார்கள். நீளமான வராந்தா. கடைசியில், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் தங்கச்சி நின்றுகொண்டிருந்தாள். அவன் சொன்னதெல்லாம் திறந்த கதவு வழியாக அவளுக்குக் கேட்டிருந்தது. போலீஸ்காரர்கள் அவளைத் தாண்டிப் போகப் பார்த்தார்கள். அவள் வழிவிடவில்லை.

"எத்தனை மணிக்குச் செஞ்ச?" என்று கேட்டாள்.

"ஒன்பது இருபது."

"ஒன்பது இருபதுக்கு நான் பஸ்ஸுல உட்கார்ந்திருந்தேன். வாயெல்லாம் ரத்தம், துண்டை வெச்சு அழுத்திக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். பொண்ணு மடியில தூங்கிக்கிட்டு இருந்தா. பஸ் ஊர் எல்லையைத் தாண்டிடுச்சு, தெரியுமா உனக்கு? நான் ஜெயிச்சுட்டேன்னு நினைச்சேன். என் காலால நடந்து வந்துட்டேன்னு நினைச்சேன். அப்பத்தான் போன் வந்துச்சு."



அவள் அறைந்தாள். முதல் அறை உடைந்த மூக்கில் விழுந்தது. இரண்டாவது கடிபட்ட காதில். அப்புறம் எண்ண முடியவில்லை. இரண்டு கையாலும் அடித்தாள், முஷ்டியால் நெஞ்சில் குத்தினாள், முடியைப் பிடித்துச் சுவரோடு மோதினாள். ரத்தம் அவள் முகத்திலும் தெறித்தது. எலும்பனின் கைகள் விலங்கோடு கீழேயே தொங்கின. பெரிய போலீஸ்காரர் அவள் தோளைத் தொட்டு, "விடும்மா, போதும்மா, ஆத்திரத்துல என்ன செய்யிறோம்னே தெரியாது, வா," என்றார்.

அவள் சட்டென்று நின்றாள். மூச்சு வாங்கியது. தன் கையில் ஒட்டியிருந்த ரத்தத்தைப் பார்த்தாள், புடவையில் துடைத்தாள்.

"தெரியுங்க," என்றாள். "தெரிஞ்சேதான் அடிக்கிறேன்."

சொல்லிவிட்டு, நிதானமாக, கையை மறுபடியும் ஓங்கினாள்.